66 மில்லிமீட்டர்: இன்டேக் கிட் மாட்டிய ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

கார் பட்டறைக்குள் நுழைவதற்கு முன்பே அதன் சத்தம் நுழைந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே பானட்டுக்கு அடியிலிருந்து கனமாக ஓர் உறுமல். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்க வைக்கிற சத்தம்தான், அதில் சந்தேகமில்லை.

1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின். தயாரிப்பாளர் கணக்கில் 122 குதிரைத்திறன். மேனுவல் கியர், 74,000 கி.மீ. ஓடியிருந்தது. ஓட்டி வந்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மூன்று வாரத்துக்கு முன், இன்ஜினுக்குக் காற்று போகும் வழியை மாற்றும் இன்டேக் கிட் ஒன்றை வாங்கித் தானே மாட்டியிருக்கிறார். இப்போது இன்ஜின் லைட் எரிகிறது. நிற்கும்போது ஆர்பிஎம் தானாக ஏறி இறங்குகிறது. மேடு ஏறும்போது மூன்றாவது கியரில் அழுத்தினால் 'டக டக' என்று சன்னமாக ஏதோ தட்டுகிறது.

"அண்ணா, லைட்டை மட்டும் அணைச்சுக் கொடுங்க. பிக்கப் எல்லாம் சூப்பரா இருக்கு."

"பிக்கப் கூடியிருக்குன்னு எப்படித் தெரியும் தம்பி?"

"ஓட்டும்போதே தெரியுதுண்ணா."

லைட்டை அணைப்பது இரண்டு நிமிட வேலை. ஆனால் அடுத்த நாளே அது மறுபடி எரியும். அதனால் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

பழையதும் புதியதும்

இந்த மாடலில் காற்று வரும் வழி எளிமையானது. முன் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் ஓரமாக வாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய். அது ஏர் பாக்ஸுக்குப் போகிறது. பாக்ஸுக்குள் தட்டையான பேப்பர் ஃபில்டர். அதைத் தாண்டியதும் காற்றின் எடையை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார். அப்புறம் மடிப்பு மடிப்பான ரப்பர் ஹோஸ், அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் காலி டப்பா போன்ற ரெசனேட்டர், கடைசியில் ஆக்ஸிலேட்டருக்கு ஏற்பக் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி.

இவை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பளபளப்பான ஓர் அலுமினியக் குழாயும் அதன் நுனியில் எண்ணெய் தடவிய கூம்பு வடிவக் காட்டன் ஃபில்டரும் மாட்டப்பட்டிருந்தன. ஃபில்டர் இருந்த இடம் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே, ரேடியேட்டர் ஃபேன் வீசும் அனல் நேராக வந்து விழும் மூலை. இந்த மாதிரி கிட்டில் வழக்கமாக ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் வரும். எங்கே என்று கேட்டேன். "அதை மாட்டினா ஃபில்டர் தெரியலண்ணா, அதான் மாட்டல" என்றார். நேர்மையான பதில். இதைச் சொல்லத் தயங்காதவர்கள் குறைவு.

பேப்பர் ஃபில்டரை ஏதோ மூச்சை அடைக்கும் துணி மாதிரி பேசுகிறார்கள், அதனால் ஒரு சின்னக் கணக்கு. அவருடைய பழைய ஃபில்டரை டிக்கியிலிருந்து எடுத்து மடிப்புகளை எண்ணினோம். 42 மடிப்பு, ஒவ்வொன்றும் 3 செ.மீ. ஆழம், 20 செ.மீ. நீளம், இரண்டு பக்கம். விரித்துப் போட்டால் 5,040 சதுர செ.மீ., அதாவது அரை சதுர மீட்டர். உள்ளங்கை அகலத்தில் தெரிகிற பொருளுக்குள் அவ்வளவு பரப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஸ்கேனர் சொன்னது

பதிவாகியிருந்த பிழைக் குறியீடு பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். குறியீடு நோயின் பெயரைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் தெரிய ஃப்யூல் ட்ரிம் பார்க்க வேண்டும்.

எம்ஏஎஃப் சென்சார் சொல்லும் காற்றின் எடையை நம்பித்தான் இசியு, அதாவது இன்ஜினை இயக்கும் கணினி, பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. சாதாரண ஓட்டத்தில் 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல். எரிந்து முடிந்த புகையை ஆக்ஸிஜன் சென்சார் சோதித்து, கணக்கு சரியா தப்பா என்று திருப்பிச் சொல்கிறது. தப்பு என்றால் இசியு எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் ட்ரிம். உடனடித் திருத்தம் ஒன்று, நாள்பட்டுக் கற்றுக்கொண்ட திருத்தம் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஐந்துக்குள் நிற்கும்.

இந்த வண்டியில் ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, கூட்டுத்தொகை +27. ஆர்பிஎம்மை 2,500-இல் நிறுத்திப் பிடித்தால் +21.

இந்த இரண்டு எண்களிலேயே பாதிக் கதை இருக்கிறது. எம்ஏஎஃப்பைத் தாண்டி எங்கோ ஓட்டை இருந்து, அளக்கப்படாத காற்று உள்ளே போனால், ஐடிலிங்கில் ட்ரிம் மோசமாக இருக்கும். ஏனென்றால் அப்போது இன்ஜின் உறிஞ்சுவதே நொடிக்கு இரண்டு மூன்று கிராம் காற்றுதான்; சின்னக் கசிவும் அதில் பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏற ஏற அந்தப் பங்கு கரைந்துபோகும். மாறாக, சென்சாரே எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் குறைத்துச் சொன்னால், ட்ரிம் எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணாக நிற்கும். இங்கே ஐடிலிங்கில் கொஞ்சம் கூடுதல், மேலே போனால் குறைகிறது, ஆனால் 21-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஆக, குற்றவாளி ஒருவர் இல்லை, இரண்டு பேர்.

முதலில் தப்பான ஆளைப் பிடித்தேன்

எண்ணெய் தடவிய ஃபில்டர், எம்ஏஎஃப் கோளாறு என்றதும் யாருக்கும் தோன்றுவது, எண்ணெய் பறந்து போய்ச் சென்சார் கம்பியில் படிந்திருக்கும் என்பதுதான். எனக்கும் அதுவே தோன்றியது. அதுவும் தம்பி "கூடுதலா இருக்கட்டுமே" என்று மேலும் ஒரு முறை ஸ்ப்ரே அடித்திருந்தார். சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் கம்பியில் லேசான பிசுபிசுப்பு. இதற்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் அடித்து, கையோ துணியோ படாமல் காயவிட்டு மாட்டினேன். கார்புரேட்டர் கிளீனரை இதில் அடிக்கக் கூடாது, கம்பி போய்விடும்.

ட்ரிம் ஒரு சதவீதம் அசைந்தது. அவ்வளவுதான். எண்ணெய்மேல் பழியைப் போட்டு, "கிளீன் பண்ணியாச்சு" என்று வண்டியைக் கொடுத்திருந்தால் நான்கு நாளில் திரும்பி வந்திருக்கும்.

அடுத்து ஸ்மோக் டெஸ்ட். இன்டேக் வழியை மூடிப் புகையைச் செலுத்தினால் கசியும் இடத்தில் வெளியே வரும். சிலிகான் கப்ளர், கிளாம்ப் எல்லாம் சுத்தம். தம்பி கை வேலை நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் இன்ஜினின் மேல்மூடியான கேம் கவர் மேல் உட்கார்ந்திருந்த, எலுமிச்சம்பழ அளவுக் குட்டி ஃபில்டர் ஒன்றிலிருந்து புகை அழகாகச் சுருண்டு வந்தது.

பழைய ரப்பர் ஹோஸிலிருந்து ஒரு சிறிய பிரீதர் குழாய் கேம் கவருக்குப் போகும். இன்ஜின் அடியில் சேரும் வாயுவை பிசிவி வால்வு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குள் இழுக்கும்போது, அதற்கு ஈடாக இந்தக் குழாய் வழியாக நல்ல காற்று உள்ளே வரும். அது எம்ஏஎஃப்பைக் கடந்து வந்த காற்று, அதாவது ஏற்கெனவே கணக்கில் ஏறிய காற்று. புதுக் குழாயில் இருந்த நிப்பிள் சின்னது, பிரீதர் ஹோஸ் அதில் பிடிக்கவில்லை. தம்பி நிப்பிளை மூடிவிட்டு, கேம் கவரில் குட்டி ஃபில்டரைச் செருகிவிட்டார். பார்க்க ரேஸ் கார் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது.

நிப்பிளுக்கு அடாப்டர் போட்டு ஹோஸைப் பழையபடி இணைத்தேன். ஐடிலிங் +20-க்கு இறங்கியது, ஆர்பிஎம் ஆடுவதும் நின்றது. 2,500-இல் +20. இப்போது இரண்டும் ஒரே எண்.

வெர்னியர் காலிப்பர்

இப்படி எல்லா வேகத்திலும் ஒரே அளவு தப்பு என்றால் பார்க்க வேண்டியது குழாயின் உள்விட்டம். எம்ஏஎஃப் சென்சார் குழாய் முழுவதையும் அளப்பதில்லை. நடுவில் ஓரிடத்தில், சூடான கம்பியை எவ்வளவு காற்று குளிர்விக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. அந்த ஓரிடத்து அளவிலிருந்து மொத்த எடையைக் கணக்கிட, குழாய் இவ்வளவு அகலம் என்ற அனுமானம் இசியுவுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. சென்சாரை வேறு குழாயில் செருகினால் அந்த அனுமானம் உடைகிறது. இசியுவுக்கு அது தெரியாது.

பழைய சென்சார் கூட்டின் உள்விட்டம் 60 மி.மீ. அலுமினியக் குழாய் 66 மி.மீ. வெறும் ஆறு மில்லிமீட்டர் என்று தோன்றும். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும்: 66-ஐ 60-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.21. அதே எடைக் காற்று 21 சதவீதம் அகலமான வழியில் மெதுவாக நகர்கிறது. கம்பி குறைவாகக் குளிர்கிறது. சென்சார் 17 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. அதைச் சரிக்கட்ட இசியு 21 சதவீதம் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். ஸ்கேனரில் +20. கணக்கும் வண்டியும் இவ்வளவு நெருக்கமாகப் பேசிக்கொள்வது அடிக்கடி நடப்பதில்லை; காலிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதிலேயே இன்னொரு குறையும் இருந்தது. பழைய கூட்டில் சென்சாருக்கு முன்னால் தேன்கூடு போன்ற வலை உண்டு; காற்றை நேராக்குவது அதன் வேலை. புதுக் குழாயில் அது இல்லை. போதாததற்கு, வளைவு முடிந்த உடனேயே சென்சாருக்குத் துளை. வளைவில் திரும்பும் காற்று வெளிச்சுவர் பக்கம் ஒதுங்கிச் சுழன்றுகொண்டே வரும். ஆர்பிஎம்மை அசையாமல் பிடித்தாலும் ஸ்கேனரில் அளவு நடுங்கிக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மேட்டில் தட்டிய சத்தமும் இதே குழாயிலிருந்து வந்ததுதான். காற்றின் எடையை வைத்துத்தான் இன்ஜின்மீது எவ்வளவு சுமை என்று இசியு முடிவு செய்கிறது. சுமை குறைவு என்று நினைத்துக்கொண்டு ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்கிறது. உண்மையில் சிலிண்டர் நிறையக் காற்று இருக்கிறது, அதுவும் சூடான காற்று. நாக்கிங், அதாவது கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது, வரத்தானே செய்யும். நாக் சென்சார் ஓடி வந்து டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. அதற்குள் இரண்டு தட்டு தட்டிவிடுகிறது.

எம்ஏஎஃப் இல்லாமல், மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் கணக்கிடும் வண்டிகளும் நிறைய உண்டு. அவற்றில் த்ராட்டிலுக்கு முன்னால் எந்த அளவுக் குழாய் மாட்டினாலும் இந்தக் கோளாறு வராது. ஒரே கிட்டைப் பற்றி இருவர் நேர்மாறாகப் பேசுவதற்கு இது ஒரு காரணம்.

அந்த பிக்கப்

இத்துடன் கோளாறு பிடிபட்டுவிட்டது. ஆனாலும் தம்பி சொன்ன பிக்கப்பை அப்படியே விட மனமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து அளந்தோம்.

மூன்று மீட்டர், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், ஒரு பலகை, சாயம் கலந்த தண்ணீர். டியூபை யு வடிவில் பலகையில் கட்டி, ஒரு முனையை த்ராட்டிலுக்கு முன்னால் இன்டேக்கில் செருகி, மறுமுனையைத் திறந்து விட்டால் அதுதான் மேனோமீட்டர். இன்ஜின் காற்றை இழுக்கத் திணறினால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடைவெளி விழும். 10 செ.மீ. தண்ணீர் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். நான் ஓட்ட, தம்பி பலகையை மடியில் வைத்து மட்டத்தைப் படித்தார்.

முழு ஆக்ஸிலேட்டரில் 6,000 ஆர்பிஎம்மில் பழைய அமைப்பு: 26 செ.மீ. புதிய கிட்: 11 செ.மீ. ஆக, கிட் உண்மையிலேயே காற்றை எளிதாக விடுகிறது, பொய்யில்லை. ஆனால் மிச்சம் 15 செ.மீ., அதாவது 1.5 கிலோபாஸ்கல். வெளியே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஒன்றரை சதவீதம். 122 குதிரைத்திறனில் இரண்டுகூட இல்லை, அதுவும் ஆர்பிஎம் உச்சத்தில் மட்டும். ஃபில்டர், குழாய் எதுவுமே இல்லாமல் த்ராட்டிலை அப்படியே திறந்து போட்டாலும் இரண்டரை சதவீதத்துக்கு மேல் இந்த இன்ஜினில் மிஞ்சாது. கிட்டின் அட்டைப்பெட்டியில் போட்டிருந்த எண்ணை இங்கே சொல்லப்போவதில்லை.

வெப்பம் அடுத்தது. வெளியே 33 டிகிரி. பத்து நிமிடம் ஐடிலிங்கில் நிறுத்தினால் பழைய அமைப்பில் இன்டேக் காற்று 46 டிகிரி, கிட்டில் 67. வண்டி நகர்ந்து 60 கி.மீ. வேகம் பிடித்ததும் பழையது ஒரு நிமிடத்தில் 38-க்கு இறங்கிவிட்டது. கிட் ஐந்து நிமிடம் கழித்தும் 43. அலுமினியக் குழாய் சூட்டைப் பிடித்துவைத்துச் சென்சாரையே சுடவைக்கும். அதனால் 67-ஐ அப்படியே நம்ப வேண்டாம், உண்மைக் காற்று கொஞ்சம் குறைவாகவே இருந்திருக்கும். ஓடும்போது காட்டும் 5 டிகிரி வித்தியாசத்தை நம்பலாம். 5 டிகிரிக்குக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1.6 சதவீதம் குறையும். குழாய் கொடுத்த ஒன்றரை சதவீதத்தை அனல் அப்படியே வாங்கிக்கொண்டது. சிக்னலிலிருந்து கிளம்பும்போது நிலைமை இன்னும் மோசம்.

கடைசியாக மூன்றாவது கியரில் 60-லிருந்து 100 வரை, ஒரே சாலையில் போக மூன்று, வர மூன்று. பழைய அமைப்பு சராசரி 7.7 நொடி, கிட் 7.8. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையிலேயே 0.3 நொடி வரை ஏற்ற இறக்கம் இருந்தது. அதனால் கிட் மெதுவானது என்றுகூட நான் சொல்ல மாட்டேன். வித்தியாசம் இல்லை என்பதுதான் சரி.

அப்படியானால் தம்பிக்குத் தெரிந்தது என்ன? பெரும்பகுதி சத்தம். ரெசனேட்டர் என்ற அந்தக் காலி டப்பா சும்மா இல்லை. குறிப்பிட்ட அலைவரிசைச் சத்தத்தை எதிர்த்து அடக்குவதற்காகவே அளந்து செய்தது. அதையும் மூடிய பாக்ஸையும் எடுத்துவிட்டால், உறிஞ்சும் சத்தம் நேராகக் கேபினுக்குள் வருகிறது. ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து சத்தம் ஏறும்போது வேகமும் ஏறுவதாகவே உடம்பு நினைக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஸ்டாப்வாட்ச் பார்க்கும்வரை. பாதி ஆக்ஸிலேட்டரில் ஸ்பார்க் முன்கூட்டி விழுவதும் ஒரு சுறுசுறுப்பைக் கொடுத்திருக்கலாம்.

என்ன செய்தோம்

கிட்டையே வைத்துக்கொள்ள வழி இருந்தது. இசியுவில் எம்ஏஎஃப் அட்டவணையை 66 மி.மீ.க்கு ஏற்றபடி மாற்றி எழுதலாம். கேம்ஷாஃப்ட், டர்போ என்று பெரிய வேலை செய்தவர்கள் வேண்டுமென்றே அகலக் குழாய் போட்டு இதைச் செய்வதுண்டு. கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும், இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவும் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. ஒன்றரை சதவீதத்துக்காகச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொரு வழி, பழைய 60 மி.மீ. கூட்டையே வெட்டி எடுத்து, அலுமினியக் குழாய்க்கு நடுவில் அகலம் குறைக்கும் ரெடியூசரோடு பொருத்தி, ஃபில்டரை மூடிய பெட்டிக்குள் வைப்பது. அப்படிச் செய்து முடித்தால் பார்க்க ஒரிஜினல் ஏர் பாக்ஸ் மாதிரியே இருக்கும்.

"பவர் வேண்டாம்னா, உனக்கு இதுல என்ன வேணும் தம்பி?"

கொஞ்சம் யோசித்தார். "சத்தம்தாண்ணா."

சரி, அது சுலபம். பழைய பாக்ஸ், பழைய சென்சார் கூடு, புது பேப்பர் ஃபில்டர், பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் இடத்துக்குத் திரும்பின. ரெசனேட்டரை மட்டும் கழற்றி, அந்தத் துளையில் ரப்பர் அடைப்பான் வைத்துக் கிளாம்ப் போட்டேன். அது எம்ஏஎஃப்புக்குப் பின்னால் உள்ள இடம், கசிந்தால் மறுபடி பி0171தான். அதனால் இன்னொரு முறை ஸ்மோக் டெஸ்ட். உறுமல் பாதிக்குப் பாதி மிஞ்சியது. மூன்றாவது கியரில் மேட்டில் அழுத்திப் பார்த்தோம், தட்டவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஆயில் மாற்ற வந்தபோது ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். ஐடிலிங்கில் +3, ஓட்டத்தில் +2. கழற்றிய கிட்டை அவர் எடுத்துப் போகவில்லை. குழாய் என் அலமாரியில் இருக்கிறது, வாயோரத்தில் மார்க்கரால் 66 என்று எழுதி. இன்டேக் மாட்டலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அதையும் காலிப்பரையும் கையில் கொடுத்துவிடுகிறேன்.